மிஞ்சிய பதினெட்டு

வாட்சோவில் ரொட்டிக்கடை வைத்திருந்தவன் விற்ற வேன்.
பக்கவாட்டில் கடைப்பெயரை எவ்வளவு சுரண்டியும்
ஓர் எழுத்து போகவில்லை. அதன் மேலேயே
சோலார் தகட்டைச் செங்குத்தாக அறைந்தேன்.
கூரையில் ஏன் வைக்கவில்லை என்று கேட்காதவர் இல்லை.
மார்ச்சில் எங்கள் சூரியன் தலைக்கு மேல் வராது.
வேலிக்கு அந்தப்பக்கம் நின்று
எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.
பனித்தரை திருப்பியடிக்கும் வெளிச்சமும்
நிற்கிற தகட்டுக்குத்தான் கிடைக்கும்.
இருபத்தாறு வருஷம் படகுகளின் வயிற்றில்
வயர் இழுத்தவள் நான், சும்மா சொல்லவில்லை.

நான்கு செல்.
ஒவ்வொன்றும் இருநூற்றெண்பது ஆம்பியர்-மணி,
நீலத்தோல் போர்த்திய செங்கல்.
எல்லாம் ஒரே மட்டத்துக்கு வரும்வரை
சமையலறை மேஜையில் பக்கம்பக்கமாகக் கிடந்தன.
எய்லிஃப் அந்த மூன்று நாளும்
தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டான்.

அப்புறம் கணக்கு, ஒரு பழைய கடித உறையின் முதுகில்.
ஹீட்டரின் விசிறி: பதினைந்து.
விளக்கு: நான்கு.
போன், வானொலி: ஐந்து.
ஃபிரிட்ஜ்: பூஜ்யம். கதவைத் திறந்தால் ஃபிரிட்ஜ்.
எய்லிஃபின் மூச்சு: இருபது.

மூச்சு என்றேதான் எழுதினேன்.
முகமூடி மாட்டிக்கொண்டு தூங்குகிறவன்.
மெஷின் இல்லாவிட்டால் தொண்டை அடைத்து
அரை நிமிஷம், சில சமயம் நாற்பது விநாடி
ஒன்றும் இருக்காது.
பிறகு கடலடியிலிருந்து வந்தவன் போல இழுப்பான்.
காற்றை நனைக்க அதில் ஒரு வெந்நீர்த் தொட்டி உண்டு,
அதையும் சேர்த்தால் ஐம்பது.
"மூக்கு காய்ந்தால் காயட்டும்," என்றான்.
தொட்டியை அடித்தேன்.
மொத்தம் நாற்பத்துநான்கு.
சூரியன் எட்டியே பார்க்காவிட்டாலும் ஐந்து நாள்!
பக்கத்து வீட்டு குன்வோரிடம் சொன்னேன்,
தபால்காரியிடம் சொன்னேன்,
என் தங்கை இரண்டு முறை கேட்டாள்.

லித்தியத்துக்கு ஒரு பிடிவாதம்.
கொடுக்கச் சொன்னால் உறைகுளிரிலும் கொடுக்கும்.
பூஜ்யத்துக்குக் கீழே வாங்கிக்கொள்ளத்தான் ஆகாது,
வாங்கினால் உள்ளுக்குள் கெட்டுப்போகும்.
ஆகவே பெட்டியைக் கம்பளியில் சுற்றிக்
கட்டிலுக்கு அடியில், எய்லிஃப் படுக்கும் பக்கம் வைத்தேன்.

நெஸ்ஸெபியில், ஃபியோர்டின் ஓரம் நிறுத்தினோம்.
வெளியே மைனஸ் பதினான்கு.
முதல் நாள் செலவு, மானிட்டர் சொன்னது: இருபத்தாறு.
என்னை நானே மெச்சிக்கொண்டேன்.
இரண்டாம் நாள் இருபத்தாறு.
மூன்றாம் நாளும்.
கணக்கு தப்பினால் கூடுதலாகத்தான் தப்பும்.
எந்தப் படகிலும்
பதினெட்டு சும்மா மிஞ்சி நான் கண்டதில்லை.

நாலாம் இரவு தூங்குவதாக நடித்தேன்.
பதினொன்றேகாலுக்குப் போர்வைக்குள்ளிருந்து கை வந்தது.
பொத்தானைத் தடவியது.
மெஷின் அடங்கியது.
அவன் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு
முழங்கையை ஊன்றி இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
தூங்கவில்லை.
மூன்று இரவும் தூங்கியிருக்கவில்லை.
பகலில் ஸ்டியரிங்கை எனக்கே விட்டதும்,
பனித்துளை ஓரம் நாற்காலியில்
தூண்டில் நழுவத் தலைசாய்ந்ததும்
அப்போதுதான் விளங்கிற்று.

"என்ன செய்கிறாய்?"
"ஐந்து நாள் என்று
நீ எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாயே."

திட்ட வாய் வரவில்லை.
எழுந்து பனியை உருக்கினேன், வடிகட்டினேன்,
ஆறவைத்துத் தொட்டியில் ஊற்றினேன்.
முகமூடியின் வாரை நானே இழுத்துப் பூட்டினேன்,
கொஞ்சம் இறுக்கமாகவே.
இருபதை அடித்து ஐம்பது.
மொத்தம் எழுபத்துநான்கு.
மூன்று நாள். தங்கை சிரிக்கட்டும்.

காலையில் வேலிக்கு அந்தப்பக்கம் வெளிச்சம் வந்தது.
பெட்டிக்குள் இரண்டு டிகிரி.
வாங்கிக்கொண்டது.
எய்லிஃப் ஒன்பதரை வரை எழுந்திருக்கவில்லை.